பதுக்கல்காரியின் வாக்குமூலம்

எங்கள் சொந்தபந்தத்தில் எனக்குப் 'பதுக்கல்காரி' என்று ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. வைத்தவர் என் நாத்தனார். விசேஷ வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், "அவ ஸ்டோர் ரூமைத் தொறந்தா ஒரு ரேஷன் கடையே நடத்தலாம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் மறுப்பதில்லை. தீப்பெட்டி பண்டல், புளிப்பானை, குளோரின் மாத்திரை, தார்ப்பாய், தேங்காய்நார்க் கயிறு, கோடாலி எல்லாம் எங்கள் வீட்டில் உண்டு. ஐப்பசி பிறந்தால் எனக்குக் கை பரபரக்கும். கார்த்திகையில் ராத்திரி காற்று கொஞ்சம் உரத்துவிட்டால் இன்றைக்கும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். பயம்தான். அதற்கு முன்யோசனை என்று நல்ல பெயர் வைத்துப் பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒன்று. வருஷத்துக்கு வருஷம் நான் வாங்கிச் சேர்ப்பது குறைந்துகொண்டுதான் வருகிறது. மூன்று மூட்டை அரிசி இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான். சாமான் இருந்தால் போதும், சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்த என்னை ஒரு புயல் மாற்றியது.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே இருக்கிறது. தென்னையை நம்பிப் பிழைக்கிற சீமை. 2018 நவம்பர் 16 விடியும் முன்பே கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறி, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை உழுதுவிட்டு மேற்கே போனது. எச்சரிக்கை வரவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது. டிவியில் சொன்னார்கள், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து சொன்னார்கள். எல்லோரையும் போல நாங்களும் கடைக்குப் போய் வந்தோம். பருப்பு, எண்ணெய், ரொட்டி, மெழுகுவர்த்தி. அரிசி ஏற்கெனவே கொஞ்சம் இருந்தது. குதிரில் நெல்லும் இருந்தது. "சோத்துக்குப் பஞ்சமில்ல" என்று மாமா திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். அவர் சொன்னது பொய்க்கவில்லை.

விடிந்து கதவைத் திறந்தபோது கொல்லை இருந்த கோலத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வைத்து வளர்த்துக் காய்ப்புக்கு வந்த தென்னை சாய்ந்தால் ஒரு குடும்பத்தின் அடுத்த பத்து வருஷக் கணக்கு சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது தனிக் கதை. இங்கே எனக்கு வேண்டியது மின்கம்பங்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் விழுந்தன. கேரளத்திலிருந்தெல்லாம் மின்வாரிய ஆட்கள் வந்து, சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் முன்னால்தான் ஆகஸ்ட் வெள்ளம் அவர்கள் ஊரைச் சுருட்டியிருந்தது. டவுனுக்குக் கரண்ட் முதலில் வந்தது. எங்களைப் போல உள்ளடங்கிய ஊர்களுக்குத் திருக்கார்த்திகை கழிந்தும் வெகுநாள் ஆயிற்று. அந்த வருஷம் கார்த்திகைக்கு ஊர் முழுக்க அகல் ஏற்றினார்கள். அதற்கு முன் ராத்திரியும் அகல்தான், மறுநாள் ராத்திரியும் அகல்தான்.

குதிரில் நெல் இருந்தது என்றேன். ரைஸ்மில் ஓடவில்லை. புழுங்கல் அரிசி இருந்தது. கிரைண்டர் ஓடாததால் இட்லிக்கு ஊறப்போட முடியவில்லை. வற்றல் மிளகாயும் மல்லியும் டின் நிறைய இருந்தன. அரைக்கிற மிஷின் மூடிக் கிடந்தது, மிளகாய்த்தூள் டப்பாவோ அடி தட்டிவிட்டது. போர் நிறையத் தண்ணீர். அதை மேலே கொண்டுவர வேண்டிய மோட்டார் ஆழத்தில் சும்மா கிடந்தது. பேங்க்கில் பணம் இருந்தது, ஏடிஎம் இருட்டு. போனில் ஊர்ப்பட்ட நம்பர். சார்ஜ் தீர்ந்ததும் என் கூடப்பிறந்த தங்கையின் நம்பர்கூட எனக்கு மனப்பாடமில்லை என்பது தெரிந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் மாமாவின் இன்சுலின்.

சில நாள் கழித்துத்தான் இது எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் தீர்ந்துபோனது என்று சொல்ல ஏறக்குறைய எதுவுமே இல்லை. எல்லாம் இருந்தது. எடுத்துப் பயன்படுத்தத்தான் வழியில்லை.

அத்தைக்கு அப்போது எண்பதை நெருங்கிய வயது. சின்னப் பெண்ணாக நாகப்பட்டினம் பக்கம் 1952 புயலைப் பார்த்தவர். "அம்பத்திரண்டுல ஓலை, ஓடு எல்லாம் போயிருச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரிக்கே குத்திப் பொங்கித் தின்னோம்" என்றார். சொல்லிவிட்டு, "உலக்கை எங்கம்மா?" என்று கேட்டார். அது கொடிக்கம்பாகித் துணி சுமந்துகொண்டிருந்தது. கல் உரலைத் தூக்க முடியாது என்பதால் மட்டும் அது கொல்லையில் தங்கியிருந்தது, கோழிகளுக்குத் தண்ணீர்த்தொட்டி. மர உரலை எப்போதோ பழைய சாமான் வாங்க வந்தவர்களிடம் போட்டாயிற்று. அம்மி இருந்தது, துணி துவைக்கிற கல்லாக.

உரலைத் தேய்த்துக் கழுவி, புழுக்கிக் காய்ந்த நெல்லை ஒரு படியளவு போட்டு, அத்தை எதிரே நின்று காட்டிக்கொடுத்தார். ஓங்கிப் போடக் கூடாதாம். உலக்கையின் கனமே வேலை செய்யும். நாம் தூக்கி விட்டால் போதும். வெளியே தெறிக்கிற நெல்லைக் காலால் உள்ளே தள்ளிக்கொண்டே குத்த வேண்டும். எனக்கு அரைப்படி தேறுவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. புடைத்து எடுத்த அரிசி பழுப்பாக, பாதி நொய்யாக இருந்தது; வேக நேரம் பிடித்தது. ஆனால் கஞ்சிக்கு அதைவிட நல்ல அரிசி கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணி தன் நெல்லையும் தூக்கிக்கொண்டு வந்தார். அப்புறம் அந்த உரலுக்கு ஓய்வே இல்லை.

தண்ணீர் கதையும் இதேதான். கொல்லைக் கிணறு தூர்ந்துபோகவில்லை. போர் போட்ட பிறகு குப்பை விழாமல் இரும்பு வலை போட்டு மூடியிருந்தோம். ராட்டினத்தை அப்போதே கழற்றிவிட்டார்கள். கயிறு கிடையாது. இரும்பு வாளி கிடையாது. பிளாஸ்டிக் வாளியை இறக்கினால் அது தண்ணீரில் மிதக்குமே தவிர மொள்ளாது. ஊருக்குள் வேலை செய்த ஒரே அடிபம்பில் விடியற்காலையிலிருந்து குடம் வரிசை. பிறகு வாடகை ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய் மோட்டார் போட்டுக் கொடுத்தார்கள், மணிக்கு இவ்வளவு என்று. அதே ஜெனரேட்டரில் சார்ஜ் போட செல்போன்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒரு நல்ல காரியம் மட்டும் தற்செயலாக நடந்தது: புயல் ராத்திரிக்கு முன்னால் மாடித் தொட்டியை நிரப்பி வைத்திருந்தோம். நிரம்பிய 1000 லிட்டர் தொட்டி ஒரு டன் கனம், காற்று அதைத் தொடாது. தெருவில் காலியாக இருந்த தொட்டிகள் வயலுக்குப் போயிருந்தன.

இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சர்க்கரை வியாதி இல்லாத வீடு இப்போது அரிது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். பிரித்துப் பயன்படுத்தத் தொடங்கியதைச் சூடு படாத இடத்தில் வெளியே வைத்தாலும் பொதுவாக நாலு வாரம் வரை தாங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதனால் ஃப்ரிட்ஜ் நின்றதும் கையும் காலும் ஓடவில்லை. சேற்றில் நடந்து வந்த கிராம செவிலியர்தான் வழி சொன்னார். அகலமான மண்பானையில் பாதிக்கு ஆற்று மணலைப் போட்டு நன்றாக நனைப்பது. அதன் நடுவில் ஒரு சின்ன மண்கலயத்தைப் பதித்து, மருந்தை ஈரம் புகாத டப்பாவில் போட்டு அதற்குள் வைப்பது. மேலே ஈரத்துணி. காலையும் சாயங்காலமும் மணலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றோட்டமான நிழலில் பானை இருக்க வேண்டும். மழைக்கால ஈரக் காற்றில் பானை அவ்வளவாகக் குளிராது. ஆனால் சூடு ஏறவிடாது, நமக்கு வேண்டியது அதுதான். குளிர வேண்டுமென்று பனிக்கட்டிக்கு நடுவே திணிப்பதும் தப்பு. உறைந்துபோன இன்சுலின் எதற்கும் ஆகாது என்றார். மாமாவுக்கு ஊசி ஒருநாளும் நிற்கவில்லை. அந்தப் பானை இப்போதும் இருக்கிறது. ஐப்பசியில் மணலை அலசிப் புதிதாகப் போட்டு வைத்துவிடுவேன்.

அத்தை எதையும் மாதக் கணக்கில்தான் பேசுவார். தை, மாசியில் துவரை வந்ததும் செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்தால் பருப்பில் வண்டு விழாது. மாசி, பங்குனியில் புதுப்புளி. கொட்டை எடுத்து, கல்லுப்பைத் தூவி, மண்பானையில் அமுக்கி வாயைக் கட்டி வைப்பது. சம்பா அறுப்பை ஒட்டி வயலில் விதைத்த உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் களத்துக்கு வரும். சித்திரை வெயிலில் மிளகாய் காயும். கூடவே வடகம், மோர்மிளகாய், சுண்டைவற்றல், மணத்தக்காளி. கருவாடும் அந்த வெயிலில்தான் சுருசுருவென்று காயும். ஆடிக்குள் வீட்டுக்கு ஒரு வருஷத்துச் சாமான் வந்துவிடும். இதையெல்லாம் நான் சிக்கனம் என்றும் நாக்கு ருசி என்றும்தான் நினைத்திருந்தேன். அந்த இருட்டு நாட்களில் விரல்விட்டு எண்ணிப் பார்த்தால், எல்லாமே ஐப்பசிக்கு முன் முடிந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. டெல்டாவை அடித்த 1952, 1977, 2018 புயல்கள் மூன்றுமே நவம்பரில் வந்தவை. கடலோரத்துப் பெண்கள் சமையலறைப் பஞ்சாங்கத்தைக் கடலைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் கட்சி கட்ட வரவில்லை. பத்தாயமும் குதிரும் இருந்த வீடுகள் ஊருக்கு நாலு இருந்தால் அதிகம். மற்ற ஜனங்கள் புயலடித்தால் அந்த நாலு வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். 2011 முதல் ரேஷனில் விலையில்லா அரிசி வருகிறது. கஜாவின்போது பசி கட்டுக்குள் நின்றதற்கு அந்த அரிசி பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். ஆக, பொருளுக்கு இன்று அவ்வளவு குறைவில்லை. கருவியைத்தான் விட்டுவிட்டோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் தலைப்பில் இருக்கிற வாக்குமூலம் என்ற சொல்லுக்கு நான் நியாயம் செய்ததாகாது. தெருக்கோடிக் கீற்று வீடுகளில் அரிசி நனைந்து முளைவாடை அடிக்க ஆரம்பித்துவிட்டது. கேட்டு வந்தார்கள், கொடுத்தோம். அளந்தது நான். படியைத் தலைதட்டி அளந்தேன். சாதாரண நாளில் எங்கள் வீட்டில் யாரும் தலைதட்டி அளப்பதில்லை, கோபுரமாகத்தான் அளப்போம். அன்று என் கை தானாகத் தட்டியது. வாங்க வந்த பெண் படியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தை ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து, இரண்டு கை அள்ளி அவள் முந்தானையில் போட்டுவிட்டுப் போனார். எங்கள் வீட்டு வழியை அடைத்துக் கிடந்த மரத்தைக் கோடாலி போட்டு வெட்டித் தந்ததும், எங்கிருந்தோ ஒரு ராட்டினம் தேடி வந்து கிணற்றில் மாட்டிக் கொடுத்ததும் அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர்தான். இப்போதெல்லாம் கணக்குப் போடும்போது எங்கள் வீட்டுத் தலைகளோடு இன்னும் இரண்டு தலையைச் சேர்த்துத்தான் போடுகிறேன். பயந்தவர்களுக்குக் கை சுருங்கும். அதிகப்படியாக இருந்தால் அவ்வளவு சுருங்காது.

கஜாவுக்கு அடுத்த வருஷம்தான் நான் பட்டப்பெயருக்கு உரியவள் ஆனேன். கண்டதையும் வாங்கினேன். ரவையில் புழு, கோதுமையில் வண்டு, கடலை எண்ணெயில் சிக்கு வாடை. இணையத்தில் யாரோ சொன்னார்களென்று வாங்கிய ஓட்ஸ் பாக்கெட்டுகளை வீட்டில் ஒருவரும் தொடவில்லை. கடைசியில் மாட்டுத் தவிட்டோடு கலந்து வைத்தேன், மாடு சந்தோஷமாகத் தின்றது. அதற்குப் பிறகு, தினமும் சாப்பிடாத ஒன்றை அவசரத்துக்கென்று வாங்குவதில்லை. பழசு முன்னால், புதுசு பின்னால். மாதா மாதம் முன்னாலிருந்து எடுத்துப் புழங்கி, அதே அளவு பின்னால் வாங்கி வைத்தால் எதுவும் கெடாது, தனிச்செலவும் கிடையாது.

2020 மார்ச் 24 ராத்திரி நாடு முழுக்க ஊரடங்கு என்று அறிவித்தபோது கடைத்தெருவில் ஜனங்கள் முண்டியடித்ததைப் பார்த்தோம். நான் போகவில்லை, போக வேண்டியிருக்கவில்லை. ஊரே ஓடுகிற நாளில் மூட்டையாகத் தூக்குகிறவர், பின்னால் நிற்கிற தினக்கூலிக்காரரின் பங்கையும் சேர்த்துத் தூக்குகிறார். விலை ஏறுவதும் அன்றைக்குத்தான். சாமான் சேர்க்க நல்ல காலம், வானம் வெறித்துக் கிடக்கிற சித்திரையும் வைகாசியும்.

என் தங்கை சென்னையில் வேளச்சேரிப் பக்கம் தரைத்தளத்தில் குடியிருக்கிறாள். என்னிடம் பட்டியல் வாங்கி, ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருந்தாள். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கரை தொடாமல் சென்னைக்கு எதிரே கடலில் நின்றுகொண்டே பெய்தது. பல இடங்களில் இரண்டு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். சமையல் மேடைக்குக் கீழே அடுக்கியிருந்த அரிசி, பருப்பு, மாவு எல்லாம் சாக்கடைத் தண்ணீரில். மாடி வீட்டுக்காரர்கள் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள். என் பட்டியல் காற்றுக்குப் போட்டது, அவளுக்கு வந்தது தண்ணீர். புயலடிக்கிற ஊரில் வீட்டோடு இருந்து சமாளிக்கிற மாதிரி சேர்க்க வேண்டும். வெள்ளம் ஏறுகிற தெருவில் உயரத்தில் வைக்க வேண்டும், தூக்கிக்கொண்டு கிளம்புகிற மாதிரி ஒரு பையும் தனியாகக் கட்டி வைக்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பத்திரம், மருத்துவச் சீட்டு இவற்றின் நகல்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்தப் பைக்குள் வைக்கலாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு தொலைந்த சான்றிதழ்களுக்கு மாற்றுச் சான்றிதழ் தர அரசாங்கம் சிறப்பு முகாமே நடத்த வேண்டியிருந்தது.

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன். மூன்று வேளையும் அரிசிதான் என்றால் ஓர் ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் போதும். எங்கள் ஐந்து பேருக்கு 2 கிலோ. 25 கிலோ சிப்பம் ஒன்று எங்களுக்கு மட்டும் என்றால் பன்னிரண்டு நாளைத் தாண்டும், அந்த இரண்டு தலையையும் சேர்த்தால் சில நாள் குறையும். அதைத்தான் வைத்திருக்கிறேன், வசம்பும் வேப்பிலையும் போட்டு. அடுப்பே பற்றவைக்க முடியாத முதல் நாளுக்கு அவல், பொட்டுக்கடலை, வெல்லம். மல்லி, மிளகாய்த்தூளை ஐப்பசிக்கு முன்பே அரைத்து வைத்துவிடுகிறேன். தண்ணீர்தான் எல்லோரும் குறைத்துப் போடுகிற கணக்கு. நிவாரணப் பணி செய்கிறவர்கள் குடிக்க, சமைக்க, கழுவ என்று ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டராவது வேண்டும் என்கிறார்கள். ஐந்து பேருக்கு 75. ஒரு கேன் 20 லிட்டர், பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். முடியாவிட்டால் குளோரின் மாத்திரையை அட்டையில் போட்டிருக்கிற அளவுக்குக் கலந்து அரை மணி நேரம் விட வேண்டும். யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைவழித்த அளவு.

மாத்திரை எதுவானாலும் ஒரு மாதம் கூடுதல். பணம் 10, 20, 50 ரூபாய்த் தாள்களாக. கஜா நாட்களில் 500 ரூபாய் வைத்திருந்தவர்கள் சில்லறை கிடைக்காமல் திரும்பி வந்தார்கள். கொட்டாங்கச்சியும் காய்ந்த பாளையும் ஒரு சாக்கு, நனையாத இடத்தில். நிவாரணப் பட்டியல் எழுதுகிற ஆண்கள் மறந்துவிடுவது ஒன்று உண்டு: நாப்கின். அதற்காக ஒரு பெண் முகாமில் யாரிடம் போய்க் கேட்பாள்? எங்கள் வீட்டில் இரண்டு பாக்கெட் எப்போதும் மேல்தட்டில் இருக்கும். தார்ப்பாயைப் புயலுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். அடித்து ஓய்ந்த பிறகு ஊரில் எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். செல் போட்ட சின்ன ரேடியோ ஒன்று. போன் செத்த பிறகு எங்களுக்குச் செய்தி சொன்னது அதுதான். பேப்பரில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிய நம்பர்கள்: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, ஆம்புலன்ஸ் 108. அவற்றுக்குக் கீழே என் தங்கையின் நம்பர்.

கிணற்றில் ராட்டினம் மாட்டியிருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் விடுகிறோம். உலக்கை கொடியிலிருந்து இறங்கிவிட்டது.

இதெல்லாம் வாங்கி வைத்தாலும் ஒருநாள் பழகிப் பார்க்காமல் எதுவும் தெரியாது. நாங்கள் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு மெயினை அணைத்துவிடுகிறோம். முதல் தடவை டார்ச்சைத் திறந்தால் உள்ளே செல் கசிந்து பச்சை பிடித்திருந்தது. பாட்டில் நிறைய மண்ணெண்ணெய் இருந்தது; அரிக்கேன் விளக்குக்குத் திரி இல்லை. பையன் மத்தியானம்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், பிறகு கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போட்டி போட்டான். இந்தச் சோதனையில் பிடிபட்டதுதான் எங்கள் உண்மையான பட்டியல். மேலே சொன்னதில் பாதி அப்படிக் கிடைத்தது. உங்கள் வீட்டுப் பட்டியல் வேறாக இருக்கும். கைக்குழந்தை, ஆஸ்துமா, லிஃப்ட் இருக்கிற அடுக்குமாடி, கறவை மாடு என்று வீட்டுக்கு வீடு கணக்கு மாறும்.

அதனால் என் பட்டியலை அப்படியே எழுதி எடுத்துக்கொள்ள வேண்டாம். மழை தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிடுங்கள். மூச்சுக்கருவி போல எதையாவது நம்பி யாரேனும் இருக்கிற வீட்டில் மட்டும் இது வேண்டாம். ராத்திரி படுக்கும்வரை போடாதீர்கள். கை எதையெதைத் தேடிப் போகிறதோ, அதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். திங்கட்கிழமை அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.